கறுப்பு அட்டைக்குள் மூன்று அத்தியாயம்

கதை எழுதுகிறவர்களுக்குத் தபால்காரர் மேல் தனிப் பாசம் உண்டு, பயமும் உண்டு. தடித்த உறையோடு அவர் வாசலில் வந்து நின்றால், போன கதை திரும்பிவிட்டது என்று அர்த்தம்!

எடின்பரோ நகரில் ஒரு பெண்மணி. கணவரைப் பிரிந்து, சின்னஞ்சிறு மகளோடு சர்க்கார் உதவிப் பணத்தில் காலம் தள்ளியவர். 1995-இல் குழந்தைகளுக்கான மாயாஜால நாவல் ஒன்றை டைப் அடித்து முடித்தார். முதல் மூன்று அத்தியாயங்களை ஓர் அட்டைக்குள் வைத்து இலக்கிய ஏஜெண்ட் ஒருவருக்கு அனுப்பினார். 'இடமில்லை' என்று துண்டுச் சீட்டு வந்தது. அட்டை உறைக்குள் நுழையவில்லையாம். அது திரும்பவே இல்லை. கதை திரும்பியதைவிட அட்டை போனதுதான் அவருக்கு வருத்தம். வேறு வாங்கக் காசு வேண்டுமே!

அடுத்தபடி லண்டனில் கிறிஸ்டோபர் லிட்டில் என்பவருக்கு அனுப்பினார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது! ஆனால் அந்தக் காரியாலயத்தில் குழந்தைப் புத்தகங்களைத் தொடுவதில்லை. கட்டு நேரே நிராகரிப்புக் கூடைக்குப் போயிற்று. அங்கே வேலை பார்த்த பிரயனி ஈவன்ஸ் என்ற இளம் பெண்ணின் கண்ணில் கறுப்பு அட்டை பட்டது. எடுத்தார், படித்தார், சிரித்தார். மீதியையும் அனுப்பச் சொல்லிக் கடிதம் பறந்தது.

எழுதியவர் ஜே. கே. ரௌலிங். பையன் பெயர் ஹாரி பாட்டர் என்று சொல்லவும் வேண்டுமா?

ஏஜெண்ட் என்பவர் நம் ஊர்க் கல்யாணத் தரகர் மாதிரிதான். கையெழுத்துப் பிரதிக்கு ஏற்ற பிரசுரகர்த்தரைப் பார்த்து முடித்து வைக்கிறார். உள்நாட்டு வருமானத்தில் வழக்கமாக நூற்றுக்குப் பதினைந்து அவர் கமிஷன். வெளிநாட்டு விற்பனை என்றால் இருபது. படித்துப் பார்க்கவே பணம் கேட்கிறவர் ஏஜெண்ட் அல்ல. அந்த வாசலை மிதிக்காமலிருப்பதே நலம்.

சரி, கூடையிலிருந்து ஒரு கதையை எடுக்க வைப்பது எது? ஈவன்ஸைப் பிடித்து நிறுத்தியது நகைச்சுவை. பொதுவாக, முதல் பக்கத்திலேயே ஒரு குரல் கேட்க வேண்டும் என்பார்கள். அது பையனுடைய குரலாகவோ பையனை அறிந்தவர் குரலாகவோ இருக்கலாம். கன்னத்தைக் கிள்ளிப் புத்தி சொல்லும் மாமாவின் குரலாக இருந்தால் போச்சு! பிறகு வயது. எட்டு வயது வாசகனுக்கு ஆறு வயதுக் கதாநாயகனைப் பிடிக்காது. தன்னைவிடச் சற்றே பெரியவன் வேண்டும். ஹாரிக்குப் பதினோரு வயது.

மாயாஜாலத்துக்கும் சட்டதிட்டம் உண்டு. கோலை ஆட்டினால் எதுவும் நடக்கும் என்றால், ஆபத்து ஏது, கதை ஏது? விஞ்ஞானக் கற்பனைக்கும் இதே கதிதான். இன்னொன்று: படப் புத்தகம் எழுதுகிறவர் சைத்ரிகரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது பெரும்பாலும் பிரசுரகர்த்தர் பாடு.

இவ்வளவும் தெரிந்தவர்கள் தவறவிடுவதில்லையா? நன்றாகத் தவறவிடுவார்கள். அமெரிக்காவில் மேடலின் லெங்கிள் என்ற அம்மாள் எழுதிய 'காலத்தில் ஒரு மடிப்பு' நாவலை இருபத்தாறு இடங்களுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். சின்னவர்களுக்கா, பெரியவர்களுக்கா என்றே அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் ஏஜெண்டே பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! வீட்டுத் தேநீர் விருந்துக்கு வந்த ஒருவர் ஜான் ஃபாரர் என்ற பிரசுரகர்த்தரை அறிந்தவராக இருந்ததால் பிழைத்தது. 1962-இல் நாவல் வெளிவந்தது. மறு வருஷமே நியூபெரி பதக்கம்.

ரௌலிங்குக்கும் சுலபமாக முடியவில்லை. லிட்டில் தட்டிய கதவுகளில் பன்னிரண்டு திறக்கவில்லை. 1996-இல் புளூம்ஸ்பரி வாங்கியது. ஏஜெண்டின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது: அமெரிக்க உரிமையை அவர் அதோடு சேர்த்து விற்றுவிடவில்லை. 1997-இல் அதைத் தனியே ஏலத்தில் விட்டபோது, ஸ்காலஸ்டிக் கம்பெனி கொடுத்த தொகை 1,05,000 டாலர்!

அதற்கு முன்பு புளூம்ஸ்பரியின் ஆசிரியர் பாரி கன்னிங்ஹாம், ரௌலிங்குக்கு அக்கறையாக ஒரு யோசனை சொல்லியிருந்தார்: குழந்தைப் புத்தகங்களில் பணம் கிடையாது, எதற்கும் ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று.