எண் முகவரியும் பெயர் முகவரியும்

1980-களின் நடுப்பகுதி வரை ஒரு ரூட்டரின் உள்நிலையை அறிய, அதைத் தயாரித்த நிறுவனம் வகுத்த வழியில்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே எத்தனை பாக்கெட் வந்தன, எத்தனை பிழையாகின என்ற கணக்கு ஒவ்வொரு பெட்டியிலும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பெயரில் கிடந்தது. 1988 ஆகஸ்டில் வெளியான 1065, 1066, 1067 எண்ணுள்ள மூன்று ஆர்.எஃப்.சி. (இணைய நெறிமுறை) ஆவணங்கள் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தன. தகவலுக்கு எப்படிப் பெயரிடுவது என்பதை முதலாவது சொன்னது. எந்தெந்தத் தகவல்கள் என்பதை இரண்டாவது பட்டியலிட்டது. அவற்றைக் கேட்டு வாங்கும் முறை மூன்றாவது. அதுதான் எஸ்.என்.எம்.பி. புகழ் மூன்றாவதற்கே போனது என்றாலும், பெரிய சாதனை முதல் இரண்டும்தான் என்பேன்.

அந்தப் பட்டியலுக்கு மிப் என்று பெயர். நிலத்தைச் சர்வே எண்ணும் உட்பிரிவும் போட்டுப் பிரிப்பதுபோல், ஒவ்வொரு தகவலும் ஒரு மரத்தின் கிளையில் எண் பெற்று உட்கார்ந்திருக்கும். உதாரணமாக 1.3.6.1.2.1.2.2.1.10.3. முதல் 1 ஐ.எஸ்.ஓ. அதன் கீழே 3, 6 வழியாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையை அடைந்தால், அடுத்த 1 இணையம். பின்வரும் 2.1 பொது மிப், அதற்கடுத்த 2 இன்டர்ஃபேஸ் பிரிவு, 2.1 அதிலுள்ள அட்டவணையும் வரிசையும். 10 என்பது உள்ளே வந்த பைட்களின் எண்ணிக்கை. கடைசி 3 எந்த இன்டர்ஃபேஸ் என்பதைச் சொல்கிறது. நிறுவனங்களின் சொந்தத் தகவல்களுக்கு 1.3.6.1.4.1 என்று தனிக் கிளை உண்டு. சிஸ்கோவுக்கு அதில் 9.

இந்த எண்வரிசையில் அழகான ஒரு வசதி இருக்கிறது. 'இதற்கு அடுத்தது என்ன?' என்று திரும்பத் திரும்பக் கேட்டாலே போதும், முன்பின் தெரியாத கருவியின் மரம் முழுவதையும் சுற்றிவந்துவிடலாம். நினைவகம் குறைவாக இருந்த அந்தக் காலப் பெட்டிகள் பெயர்களைச் சுமக்கவும் வேண்டியிருக்கவில்லை.

வேகம் கூடியபோது பிசிறுகள் தெரிந்தன. 32 பிட் எண்ணி சுமார் 429 கோடி பைட்டில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 10 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அதற்கு 57 நிமிடம் ஆகும். 1 ஜிகாபிட்டில் 34 விநாடிதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவருக்கு எண்ணி எத்தனை சுற்று சுற்றியது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் 64 பிட் எண்ணிகள் வந்தன. இன்னொரு பிசிறு: கருவியை மறுதொடக்கம் செய்யும்போது, இன்டர்ஃபேஸைக் குறிக்கும் அந்தக் கடைசி 3 சில வேளைகளில் 4 ஆகிவிடும். வரைபடம் தடங்கலின்றி வந்துகொண்டிருக்கும், ஆனால் வேறொரு போர்ட்டின் கணக்கை. இது எண்ணி நிரம்புவதைவிட ஆபத்தானது.

2002-இல் நெட்வொர்க் நடத்துபவர்களும் நெறிமுறை வகுப்பவர்களும் ஒரு பட்டறையில் கூடிப் பேசினார்கள். கண்காணிக்க எஸ்.என்.எம்.பி. பயன்படுகிறது, கருவியை உள்ளமைக்க அது போதவில்லை என்பது அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டது. பிறகு 2006-இல் உள்ளமைப்புக்கான நெறிமுறையாக நெட்கான்ஃப் வந்தது, 2010-இல் தகவலின் வடிவை எழுதும் மொழியான யாங். முன்பு சொன்ன அதே பைட் கணக்கை இன்று இன்டர்ஃபேசஸ், அதற்குள் இன்டர்ஃபேஸின் பெயர், அதற்குள் புள்ளிவிவரம், அதற்குள் இன்-ஆக்டெட்ஸ் என்று பெயர் வழியாகவே தேடிப் போகலாம். நாம் மாற்றக்கூடியது எது, கருவி தானாகச் சொல்வது எது என்பதையும் யாங் தெளிவாகப் பிரித்துவைக்கிறது. எந்தத் தகவல் வேண்டும் என்று ஒருமுறை சந்தா செய்துவிட்டால், ஒவ்வொரு முறையும் நாம் கேட்காமலேயே கருவி தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஆனால் பழைய நோய் ஒன்று திரும்பியிருக்கிறது. யாங்கில் எழுதப்படும் தகவல் வடிவங்களில், இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பின் மாதிரி ஒன்று, நெட்வொர்க் நடத்துபவர்களின் ஓபன்கான்ஃபிக் குழுவின் மாதிரி ஒன்று, தயாரிப்பாளரின் சொந்த மாதிரி ஒன்று என ஒரே போர்ட்டுக்கு ஒரே கருவியில் மூன்று முகவரிகள் இருக்கலாம். மிப்பும் ஓய்வு பெறவில்லை. பிரிண்டரும் யூ.பி.எஸ்.ஸும் பெரும்பாலும் இன்னும் அதில்தான் பதில் சொல்கின்றன.

ஆகவே ரூட்டரோ சுவிட்சோ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மிப், எந்த யாங் மாதிரி, எந்தப் பதிப்பு என்ற பட்டியலை விலைப்புள்ளியோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கருவியைப் பரிசோதனைக்கு வாங்கி, அந்தத் தகவல்கள் உண்மையிலேயே வருகின்றனவா என்று பாருங்கள்.