அண்ணன்மார் மாண்ட ஊரில் தம்பிமார் வென்ற கிண்ணம்

கடற்கரையில் இளைஞர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் கையில் மலர்கள் இருந்தன. எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். பிறகு மலர்களை அலையிலே விட்டார்கள்.

யார் அவர்கள்? கால்பந்து ஆட்டக்காரர்கள். ஜாம்பியா நாட்டுக் கோஷ்டியினர்.

அந்த இடம், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் லிப்ரவில் நகரம். காபோன் நாட்டின் தலைநகரம் அது. 2012-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஆப்பிரிக்கக் கிண்ணத்துக்கான இறுதிப் பந்தயத்தில் ஆட அவர்கள் அங்கே வந்திருந்தார்கள்.

பந்தயத்துக்கு வந்தவர்களுக்குக் கடற்கரையில் என்ன வேலை?

அந்தக் கடலில்தான் 19 ஆண்டுகளுக்கு முன்பு அவர்களுடைய அண்ணன்மார் மாண்டு போனார்கள்! கூடப் பிறந்த அண்ணன்மார் அல்ல. அதே நாட்டுக்காக, அதே சட்டை போட்டு ஆடிய மூத்த ஆட்டக்காரர்கள்.

செம்பு நாட்டுத் தோட்டாக்கள்

ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது. சுற்றிலும் மற்ற நாடுகள்தான். 1964-ம் ஆண்டில் சுதந்திரம் பெற்றது. அந்த நாட்டின் செல்வம் செம்பு. செம்புச் சுரங்க ஊர்களில் கால்பந்து ஆட்டம் செழித்து வளர்ந்தது. அதனால் அந்த நாட்டுக் கோஷ்டிக்கு "செம்புத் தோட்டாக்கள்" என்று செல்லப் பெயர்.

1988-ம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் பந்தயத்தில் அவர்கள் இத்தாலியை 4-0 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அதில் மூன்று கோல்களை ஒரே ஆள் போட்டார். அவர் பெயர் கலுஷா புவாலியா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் மோதும் பெரிய போட்டிதான் ஆப்பிரிக்கக் கிண்ணம். 1957-ம் ஆண்டு சூடான் நாட்டில் அது தொடங்கியது. அப்போது ஆடியவை எகிப்து, சூடான், எத்தியோப்பியா ஆகிய மூன்று நாடுகளே. தென் ஆப்பிரிக்காவில் அப்போது நிறவெறி ஆட்சி. கறுப்பரும் வெள்ளையரும் கலந்த கோஷ்டியை அனுப்ப அது மறுத்தது. அதனால் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்தக் கிண்ணத்தின் மீது ஜாம்பியாவுக்கு நெடுநாள் ஆசை. 1974-ம் ஆண்டில் இறுதிப் பந்தயம் வரை வந்தது. கிண்ணம் கிடைக்கவில்லை.

அந்த இரவு

1993-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ந்தேதி. உலகக் கிண்ணப் போட்டியில் இடம் பெறுவதற்காக, ஜாம்பியா கோஷ்டி செனகல் நாட்டுடன் ஆட வேண்டும். அதற்காக ராணுவ விமானம் ஒன்றில் புறப்பட்டது. ஒரே மூச்சில் பறந்து போகக்கூடிய விமானம் அல்ல அது. வழியிலே இறங்கி இறங்கித்தான் போக வேண்டும்.

முதலில் இறங்கிய பிரஸ்ஸாவில் நகரிலேயே எஞ்சினில் கோளாறு தெரிந்தது. ஆனாலும் பயணம் தொடர்ந்தது. அடுத்தபடியாக லிப்ரவில்லில் இறங்கியது. அங்கிருந்து இரவில் மறுபடி கிளம்பியது.

சிறிது நேரத்தில் இடப்பக்கத்து எஞ்சினில் தீப்பிடித்தது. விமானி பதறிவிட்டார். கெட்டுப்போன எஞ்சினை நிறுத்துவதற்குப் பதிலாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்திவிட்டார்! அவர் களைப்பாக இருந்ததும், கருவி தவறாகக் காட்டியதும் இதற்குக் காரணம் என்று விசாரணை அறிக்கை கூறியது. அந்த அறிக்கை வெளிவரவே 2003-ம் ஆண்டு ஆயிற்று.

விமானம் கடலில் விழுந்தது. அதில் இருந்த 30 பேரும் மாண்டார்கள். அவர்களில் 18 பேர் ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர் காட்பிரே சித்தாலுவும் இறந்தார்.

சவப்பெட்டிகள் ஜாம்பியாவின் தலைநகரான லூசகாவுக்கு வந்தன. தேசமே அழுதது. அவர்கள் ஆடிய பெரிய மைதானத்துக்குப் பக்கத்திலேயே அவர்களை அடக்கம் செய்தார்கள். அந்த இடத்துக்கு வீரர் திடல் என்று பெயர்.

பிழைத்தவர்

கலுஷா அந்த விமானத்தில் இல்லை. அவர் அப்போது ஹாலந்து நாட்டில் ஒரு கோஷ்டிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து தனியாகச் செனகல் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடுதான் அவர் உயிரைக் காப்பாற்றியது.

கூட ஆடியவர்களில் பலர் போய்விட்டார்கள். அவர் என்ன செய்தார்? "இனி பந்தைத் தொடமாட்டேன்" என்று உட்கார்ந்துவிடவில்லை. நாடு புதிய கோஷ்டி ஒன்றைத் திரட்டியது. அதற்கு அவர் தலைவர் ஆனார்.

விபத்து நடந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1994-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்தப் புதுக் கோஷ்டி, ஆப்பிரிக்கக் கிண்ணத்தின் இறுதிப் பந்தயத்தில் நின்றது! முதல் கோலையும் அதுவே போட்டது. ஆனால் நைஜீரியா இரண்டு கோல் போட்டு வென்றுவிட்டது. கிண்ணம் மறுபடியும் கை நழுவியது.

19 ஆண்டுகளுக்குப் பிறகு

காலம் ஓடியது. கலுஷா ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு ஜாம்பியா கால்பந்து சங்கத்தின் தலைவர் ஆனார்.

2012-ம் ஆண்டுப் போட்டியைக் காபோனும், பக்கத்து நாடான ஈக்குவடோரியல் கினியும் சேர்ந்து நடத்தின. ஜாம்பியா வெல்லும் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. முதல் ஆட்டத்தில் எதிரி யார் தெரியுமா? செனகல்! 1993-ல் யாருடன் ஆடப் புறப்பட்டார்களோ, அதே செனகல். ஜாம்பியா 2-1 என்று வென்றது.

அடுத்து லிபியாவுடன் ஆட்டம் சமமாக முடிந்தது. பிறகு ஈக்குவடோரியல் கினி, சூடான், பலம் வாய்ந்த கானா என்று ஒவ்வொரு நாடாகத் தோற்றது. இந்த ஐந்து ஆட்டங்களும் ஈக்குவடோரியல் கினி நாட்டில் நடந்தன. இறுதிப் பந்தயம் மட்டும் லிப்ரவில்லில்! வென்று கொண்டே வந்ததால்தான் அண்ணன்மார் மாண்ட ஊருக்கு அவர்களால் வர முடிந்தது. வந்ததும் கடற்கரைக்குப் போய் மலர் தூவினார்கள். கலுஷாவும் உடன் இருந்தார்.

கடைசி உதை

பிப்ரவரி 12-ந்தேதி இறுதிப் பந்தயம். எதிரி ஐவரி கோஸ்ட். உலகப் புகழ் பெற்ற துரோக்பாவும், தூரே சகோதரர்களும் ஆடும் கோஷ்டி. அந்தப் போட்டி முழுவதிலும் ஒரு கோல்கூட வாங்காத கோஷ்டி!

தொடக்கத்திலேயே ஜாம்பியாவின் ஜோசப் முசோண்டாவுக்குக் காயம். அவர் அழுதுகொண்டே வெளியேறினார். பிற்பாதியில் ஐவரி கோஸ்டுக்குப் பெனால்டி உதை கிடைத்தது. துரோக்பா ஓங்கி உதைத்தார். பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து போயிற்று!

120 நிமிடம் ஆடியும் யாரும் கோல் போடவில்லை. எனவே பெனால்டி உதைகளால் முடிவு காண வேண்டியதாயிற்று. 12 கஜ தூரத்தில் பந்தை வைத்து, ஆளுக்கு ஒரு முறை உதைக்க வேண்டும். தடுக்க நிற்பவர் கோல் கீப்பர் மட்டுமே.

இரு தரப்பிலும் ஏழு பேர் உதைத்தார்கள். ஏழும் கோல். ஜாம்பியாவின் கோல் கீப்பர் மிவீனேகூட ஒரு கோல் போட்டார்! எட்டாவது உதையை இரு தரப்பும் வீணாக்கின. ஒன்பதாவது உதையில் ஐவரி கோஸ்டின் ஜெர்வின்ஹோ தவறவிட்டார்.

ஜாம்பியா ஆட்டக்காரர்கள் மைதானத்தில் முழந்தாளிட்டுப் பாடினார்கள். சுன்சு என்ற இளைஞர் பந்தை நோக்கி ஓடினார். உதைத்தார். கோல்!

8-7 என்று ஜாம்பியா வென்றது. முதன்முதலாக ஆப்பிரிக்கக் கிண்ணம் அதன் கைக்கு வந்தது.

எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். காயம்பட்ட முசோண்டாவால் ஓட முடியவில்லை. பயிற்சியாளர் ரெனார்டு அவரைக் குழந்தையைப் போல இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு போய், தோழர்களுடன் சேர்த்து விட்டார்.

வெற்றியின் போது ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று அவர் நினைத்தார் போலும். ஜாம்பியா அன்று யாரையும் விட்டுவிடவில்லை. காயம்பட்டவரையும் சேர்த்துக்கொண்டது. கடலில் மறைந்த 18 பேரையும் சேர்த்துக்கொண்டது.

1993-ல் லிப்ரவில்லிலிருந்து லூசகாவுக்குச் சவப்பெட்டிகள் வந்தன. 2012-ல் அதே ஊரிலிருந்து தங்கக் கிண்ணம் வந்தது. போன உயிரை எந்தக் கிண்ணமும் திருப்பித் தராது. ஆனால் அண்ணன்மார் பாதியில் விட்டுப்போன பயணத்தைத் தம்பிமார் முடித்து வைத்தார்கள்.