பெற்றோர்க்குப் பின்

ஈழத்தார் ஓட்டிசம் என்றும் தமிழகத்தார் ஆட்டிசம் என்றும் வழங்கும் நிலைக்கு ‘மதியிறுக்கம்’ எனவும் பெயரிட்டுள்ளனர். அப்பெயர் எமக்கு உவப்பன்று. ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது மூலச்சொல். அதன்கண் மதியும் இல்லை, இறுக்கமும் இல்லை.

லியோ கானர் என்னும் மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளின் இயல்பை ஆராய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். அவர்களுள் முதற்கண் வைக்கப்பெற்றவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரொன்றில் 1933இல் பிறந்த டொனால்ட் திரிப்லெற். நான்கு வயது நிரம்புமுன்னரே அவரை விடுதியொன்றில் ஒப்படைத்த பெற்றோர், அங்கேயே இருக்கட்டும் என்றாரது சொற்கேளாது ஓராண்டில் மீட்டுவந்தனர். 1942 முதல் சில ஆண்டுகள் அவர் ஓர் உழவர் குடும்பத்தில் வளர்ந்தார். எதனையும் அளப்பதும் எண்ணுவதுமே அவர் வேட்கை. அவ்வுழவர் அதனை அடக்கினாரல்லர். கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல்லும் பணியைத் தந்தனர். சோளவரிசைகளை ஓயாது எண்ணினாரை, உழுதுகொண்டே எண்ணுமாறு செய்தனர். இத்துணை நுட்பமான கற்பித்தல் முறையை யாம் ஆசிரியப் பயிற்சி நூல்களிற் கண்டது அரிது.

டொனால்ட் 1958இற் பட்டம் பெற்றார்; வங்கியிற் பணிபுரிந்தார்; 27 வயதிற் காரோட்டப் பழகினார். பெற்றோர் மறைந்த பின்னரும் பிறந்தகத்திலேயே வாழ்ந்து, 2023இல் 89 வயதிற் காலமானார். அவ்வங்கி தாய்வழிக் குடும்பத்தாருடையது. ‘செல்வர்க்கு இஃது இயலும், வாவியில் வலைவீசுவார்க்கு இயலுமோ?’ என்று வினவுவார் உளர். நேரிய வினாவே. ஆயினும் அவரைக் காணவந்த பத்திரிகையாளரை, அவருக்குத் தீங்கு நேரின் பொறோம் என்று எச்சரித்த ஊரார் பொருள்கொடுத்துப் பெறப்பட்டவரல்லர்.

ஊர் ஒருவனை அறிவது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கல் வேண்டும். வைகாசியிற் கண்ணகையம்மன் சடங்கில் பறையும் ஒலிபெருக்கியும் முழங்கக் காதைப் பொத்தி அலறும் சிறுவனை, பேய் பிடித்தவன் என்பர். அவனுக்கு அவ்வொலி மெய்யாகவே துன்பம். கூட்டம் சேருமுன் விடியலில் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு சிறிது பொழுது கூடுதலாக நிற்கட்டும். பூசகரும் பூக்கட்டுவாரும் அவனைப் பெயர்சொல்லி அழைக்கப் பழகுவர். வளர்ந்தபின், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தலில் அவன் இன்புறுவானாயின் மருதமுனைத் தறியும் உண்டு, கிழிந்த வலையும் உண்டு.

வீடுதான் சிக்கல். மட்டக்களப்பு மரபில் தாய்வீடு மகளுக்குச் சீதனமாகும். மகன் மணம்புரிந்து மனைவியின் வீடு புகுவான். மணம்புரியாத, பேச்சு நிரம்பாத மகனுக்கு இவ்வழக்கில் இடம் யாது? சீதன உறுதி முடிக்கும்போது பெற்றோர் தமக்குச் சீவிய உரித்து வைத்துக்கொள்வது நாமறிந்ததே. அம்மகனுக்கும் அவ்வுரித்தை எழுதுவிக்கலாம். நொத்தாரிசுக்கு ஒரு வாசகமே மிகுதி. சம்பந்தம் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டார்க்கு இதனை வெளிப்படச் சொல்லிவிடுதல் நன்று. தமையனை மறைத்துப் பேசிய சம்பந்தங்கள் பின்னர் எவ்வாறு கசந்தன என்பதை நம்மூர்த் தரகரைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வர்.