முதலில் போவது வல்லினம்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு 76 வயது. ‘பால் வாங்கணுமா?’ என்றால் ‘கால்ல என்ன?’ என்பார். ‘சத்தமாப் பேசுடா’ என்பார்; குரலை உயர்த்தினால் ‘ஏன் கத்தறே?’ என்று கோபம் வரும். காது கேட்கவில்லையா என்று கேட்டால் ஒரே பதில்தான்: ‘கேக்கறது. என்ன சொல்றேன்னுதான் புரியலை.’

சமாளிக்கிறார் என்று நினைத்தோம். இல்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

பேச்சின் பலமெல்லாம் உயிரொலிகளில் இருக்கிறது. ஆ, ஓ போன்றவை தாழ்ந்த அதிர்வெண்ணில், நிறைய ஆற்றலோடு வருகின்றன. ம், ன் முதலான மெல்லினமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். ட், த், க் எல்லாம் கண நேரத்தில் வெடித்து அடங்கிவிடும். சகரம் வெறும் காற்றின் சீறல். ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துக்காட்டும் நுட்பம் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில், மிக மெல்லிசாக இருக்கிறது. இலக்கணத்தில் வல்லினம்; காதுக்கோ அவைதான் நோஞ்சான்கள். காது தேயும்போது உயிர் மிஞ்சுகிறது, மெய் போய்விடுகிறது. பால், கால், சால் எதைச் சொன்னாலும் ‘ஆல்’தான் வந்து சேரும். மீதியை மூளை ஊகிக்க வேண்டும்.

உயர்ந்த ஒலிகள் ஏன் முதலில் போகின்றன? உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவில், ஒரு காதுக்கு சுமார் 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கீச்சொலிகளுக்கானவை வாசலில், தாழ்ந்த ஒலிகளுக்கானவை உள்ளே, சுருளின் உச்சியில். வயது வாசலிலிருந்துதான் அரிக்கத் தொடங்குகிறது. இரைச்சலின் வேலை வேறு மாதிரி. நம் செவிக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னக் குழல். 3,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலிகளை அது தானாகவே பெருக்கிவிடும். அதனால் அதற்குச் சற்று மேலே, 4,000 ஹெர்ட்ஸ் அருகே அணுக்கள் முதலில் அடிவாங்கும். செவித்திறன் வரைபடத்தில் அங்கே பள்ளம் விழுந்திருந்தால் வயதை மட்டும் குறை சொல்ல முடியாது. கோழிக்கு இந்த அணுக்கள் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது.

தி. நகரில் இரைச்சலை அளக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் உண்டு. வணிகப் பகுதிக்குச் சட்டம் தரும் வரம்பு பகலில் 65 டெசிபல், இரவில் 55. உஸ்மான் சாலையில் ஒரு மாலை நின்று பார்த்தவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். டெசிபல் கணக்கு வேறு ஏமாற்றும்: 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. காதுக்குத் தீங்கில்லாமல் கேட்க, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புடவை வாங்க வந்தவர் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க ‘வாங்கம்மா வாங்க’ என்று கூவும் பையனுக்கும், பனகல் பூங்கா முனையில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும் காதடைப்பான் யார் கொடுக்கிறார்கள்? முகக்கவசத்தை இரண்டே மாதத்தில் பழகிய ஊர் இது.

பேருந்தில் இயர்போன் மாட்டியவர்கள் சாலை இரைச்சலை அமுக்கத்தான் ஒலியைக் கூட்டுகிறார்கள். பாட்டின் அளவு காதுக்குத் தெரிவதில்லை. பட்டாசு இன்னும் மோசம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் வரை சட்டமே அனுமதிக்கிறது. நம் சந்துகளில் பிள்ளைகள் 4 மீட்டர் தள்ளியா நிற்கிறார்கள்? ஒரே ஓர் அணுகுண்டு போதும். இதில் காதில் சுடு எண்ணெய் விடுவது, கோழி இறகால் குடைவது என்று நம் கைங்கரியம் தனி.

மறுமுனையில் கைக்குழந்தைகள். நல்ல காது கேட்பதோடு நிற்காமல் தானும் மெல்லிய ஒலி எழுப்புகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் காட்டினார். அதை வைத்துத்தான் இன்று தூங்கும் சிசுவின் காதில் சிறு முனையைச் செருகிச் சில நிமிடங்களில் சோதிக்கிறார்கள். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியும், சொந்தத்தில் திருமணத்தைத் தவிர்ப்பதும் பிறவிக் குறையைக் குறைக்கும். குறை இருந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும், ஏனென்றால் மொழி காத்திருக்காது. 1969இல் தொடங்கி இன்று அடையாறில் இயங்கும் பால வித்யாலயா, மிஞ்சிய கேள்திறனைக் கொண்டே சிறு குழந்தைகளுக்குப் பேச்சைப் பழக்கி, சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. தாய்மாரும் கூடவே கற்கிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவியும் கிடைக்கிறது.

அத்தைக்குச் செவித்துணைக் கருவி வாங்க ஓராண்டு ஆனது. நாற்பது வயதிலிருந்து மூக்குக் கண்ணாடி போடுகிறவர், ‘கிழவின்னு எழுதி ஒட்டிக்கணுமா?’ என்றார். நடுவயதில் கவனிக்காமல் விட்ட செவிக்குறை மறதிநோய்க்கு வழிவிடலாம் என்று ‘லான்செட்’ ஆணையம் சொல்வதை எடுத்துச் சொன்னேன், மசியவில்லை. கச்சேரியில் சங்கதி புரியாமல் போனதும்தான் இறங்கிவந்தார்.

மாட்டிய முதல் நாள் திடுக்கிட்டுத் திரும்பினார். ‘பேப்பரைப் புரட்டினா இப்படியா சரசரங்கும்?’ மூளை இந்த ஒலிகளை மறுபடி பழகச் சில வாரம் பிடிக்குமாம். அதுவரை வீட்டில் எல்லாரும் பேப்பரை மெதுவாகத்தான் புரட்டுகிறோம்.