அக்ரிலிக் நகலுக்கு டாலியா, மாக்ரித்தா?

சால்வதோர் டாலியின் ‘நினைவின் நிலைபேறு’ ஓவியத்தில் கடிகாரங்கள் ஈரத்துணிபோல மடிந்து தொங்கும். 1931இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 24 x 33 செ.மீ.தான், ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது! வீட்டுச் சுவருக்கென்று விற்கும் நகல்களோ சோபா அகலத்துக்கு வருகின்றன. ஊதிப் பெருக்கியதுமே அந்தப் படத்தின் நுணுக்கம் பாதி போய்விடுகிறது.

மீதியை வண்ணத்தின் இயல்பு பறித்துக்கொள்ளும். அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களோடு நிறமி கலந்த பால்மம். நீர் ஆவியானதும் துகள்கள் இணைந்து படலமாகிவிடும். மெல்லிய பூச்சென்றால் சில நிமிடங்களே போதும். எண்ணெய் வண்ணம் அப்படியல்ல. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகும். நாள்கணக்கில் ஈரம் நிற்கும். அந்த அவகாசத்தில்தான் மஞ்சள் அடிவானத்தை நீல வானத்தோடு கோடு தெரியாமல் குழைக்க முடிகிறது. அக்ரிலிக்கில் அதற்கு உலர்வதைத் தாமதிக்கும் திரவம் சேர்க்க வேண்டும், அல்லது நீர்த்த பூச்சுகளை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். பொறுமையற்ற கை தீட்டிய நகலில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். தவிர, ஈரத்தில் வெண்மையாக இருக்கும் பால்மம் காய்ந்ததும் தெளிவதால் நிறம் ஒரு படி கருத்துவிடும். தேர்ந்த ஓவியர் அதைக் கணித்தே கலப்பார்.

ஆகவே அக்ரிலிக் நகல் வாங்குவோருக்கு நான் சொல்வது ரெனே மாக்ரித்தைத்தான். சுவர்த்தாள் வடிவமைத்தும் விளம்பரப் படம் வரைந்தும் பிழைத்தவர் அவர். சீரான பூச்சு, தெளிந்த விளிம்பு: இரண்டும் அக்ரிலிக்குக் கைவந்தவை. புகைக்குழாயை வரைந்து, இது புகைக்குழாய் அல்ல என்று கீழே எழுதிய அவரது 1929ஆம் ஆண்டு ஓவியம் ஏறத்தாழ 60 x 81 செ.மீ. அசல் அளவிலேயே மாட்டலாம். மாக்ஸ் எர்ன்ஸ்ட் வேண்டாம். ஈர வண்ணத்தின்மீது கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுத்துத் தற்செயலாகப் பிறந்த அவரது கோலங்களைத் தூரிகையால் நகலெடுத்தால் உயிரிருக்காது.

வாங்குமுன் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம். மேலே பசை தடவித் தூரிகைத் தடம் காட்டியிருப்பார்கள். உரிமம் பெற்ற நகலா என்றும் கேளுங்கள். இந்தியாவில் ஓவியரின் பதிப்புரிமை அவர் மறைந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். மாக்ரித் மறைந்தது 1967இல், டாலி 1989இல்.

அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகித் தூசியைப் பிடிக்கும். வெயில் விழும் சுவரைத் தவிருங்கள். எடுத்து வைக்கும்போது இரண்டு படங்களை முகத்தோடு முகம் சாய்க்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.