பொட்டிபுரத்துக் காற்றும் மிதிகம அலையும்

ஆனி, ஆடியில் போடிமெட்டின்மேல் மேகம் கவிந்து, ஏலத் தோட்டங்களில் சாரல் ஓயாது. கீழே, அடிவாரக் கிராமமான பொட்டிபுரத்துக்கு வருவதோ ஈரம் இழந்த காற்று. அதே தென்மேற்குக் காற்றுதான் இலங்கையின் தென்கரையில், மிதிகமவில், கடலிலிருந்து கரைநோக்கி அடித்து அலைகளைக் கலைத்துவிடுகிறது. அங்குள்ள ‘ராம்ஸ்’ பாறைத்திட்டு தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்களுக்கானது. அவர்களும் நவம்பர்வரை காத்திருக்க வேண்டும். அப்போது வடகிழக்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசி, எழும் அலையைச் சரியவிடாமல் நிமிர்த்திப் பிடிக்கும்.

ஆனால் அந்த அலை பிறப்பது உள்ளூர்க் காற்றில் அல்ல, வெகு தெற்கே 40 பாகை அட்சரேகைக்கு அப்பால் சுழலும் புயல்களில். 15 விநாடி இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கி.மீ. நகரும். வந்துசேரப் பல நாள் ஆவதால்தான் முன்கூட்டியே கணிக்க முடிகிறது. இப்படித் தொலைவிலிருந்து வந்து நம் கரைகளில் திடீரென ஏறும் ‘கள்ளக்கடல்’ அலைகளுக்கு எச்சரிக்கை விடும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் நம்பியிருப்பதும் இதைத்தான்.

நீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடையும். மணற்கரையில் அது மெல்ல நடக்கும். பாறைத்திட்டிலோ ஆழம் சட்டெனக் குறைவதால் அலை குழலாகச் சுருண்டு விழும். அடியில் கூரிய பாறை.

ஆகவே முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்ப்பது ஆபத்து. ஒரே உயரமுள்ள அலைகளில் 15 விநாடி அலை, 7 விநாடி அலையைவிடத் திட்டின்மேல் அதிகம் எழும்பும். ஓதத்தையும் பார்க்க வேண்டும்: அங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் விழுபவருக்கும் பாறைக்கும் நடுவே இருப்பது அந்த நீர்தான்.