பத்தொன்பதாவது எலக்ட்ரான் எங்கே போகும்?

குழந்தைகளே, உங்கள் அறிவியல் நோட்டை எடுங்கள். சோடியம்: 2, 8, 1. குளோரின்: 2, 8, 7. ஆர்கான்: 2, 8, 8. இதுவரை ஒரு தகராறும் இல்லை. அடுத்து வருவது பொட்டாசியம், அணு எண் 19. வகுப்பில் பாதிப் பேர் 2, 8, 9 என்று எழுதிவிட்டுச் சிவப்பு மையில் சுழி வாங்கிக்கொள்வார்கள்.

அப்படி எழுதுகிற பிள்ளையை நான் கோபித்துக்கொண்டதே இல்லை. கணக்கு அப்படித்தானே சொல்கிறது! முதல் கூட்டில் 2 எலக்ட்ரான், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18 வரை இருக்கலாம் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். மூன்றாவது கூட்டில் இன்னும் பத்து இடம் காலியாகக் கிடக்கும்போது, பத்தொன்பதாவது எலக்ட்ரான் நான்காவது கூட்டுக்கு ஏன் ஓட வேண்டும்?

ஆனால் பொட்டாசியத்தின் குணம் வேறு கதை சொல்கிறது. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் துள்ளித் துள்ளி ஓடும். பொட்டாசியம் இன்னும் ஒரு படி மேலே போய், ஊதா நிறச் சுடருடன் எரியும். (ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் செய்து காட்ட வேண்டியது இது. வீட்டில் வேண்டாம்!) இரண்டுக்கும் ஒரே குணம் என்றால், இரண்டுக்கும் கடைசிக் கூட்டில் ஒற்றை எலக்ட்ரான்தான் இருக்க வேண்டும். ஆகவே 2, 8, 8, 1 என்பதே சரி. ஏன் என்று பார்ப்போமா?

ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் சின்னச் சின்னப் பிரிவுகள் உண்டு. அவற்றுக்கு எஸ், பி, டி, எஃப் என்று பெயர். பெயரில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பழைய விஞ்ஞானிகள் நிறமாலைக் கோடுகளுக்கு ‘ஷார்ப்’, ‘பிரின்சிபல்’, ‘டிஃபியூஸ்’, ‘ஃபண்டமென்டல்’ என்று வைத்த பெயர்களின் முதல் எழுத்துகள்தான் அவை.

நவராத்திரிக்கு மயிலாப்பூர் மாட வீதிகளில் பொம்மை வாங்கியிருப்பீர்கள். கொலுப்படி எப்போதும் ஒற்றைப்படையில்தான் வைப்போம்: மூன்று, ஐந்து, ஏழு. எலக்ட்ரான் உட்காரும் இடங்களும் ஒற்றைப்படைதான்! எஸ் பிரிவில் 1 இடம், பி-யில் 3, டி-யில் 5, எஃப்-பில் 7. இந்த இடத்துக்கு ‘ஆர்பிட்டால்’ என்று பெயர்.

ஒரு இடத்தில் எத்தனை பேர் உட்காரலாம்? இரண்டே பேர், மரப்பாச்சி ஜோடி மாதிரி. ராஜாவுக்குப் பக்கத்தில் ராணிதான். இன்னொரு ராஜா வரக்கூடாது. எலக்ட்ரானுக்குத் ‘தற்சுழற்சி’ என்று ஒரு குணம் உண்டு. ஒன்றுக்கு மேல்நோக்கி என்றால், ஜோடிக்குக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது. 1925-ல் வோல்ஃப்காங் பௌலி கண்டுபிடித்த விதி இது. ஆகவே எஸ்-ல் 2, பி-யில் 6, டி-யில் 10 எலக்ட்ரான்கள். கூட்டிப் பாருங்கள், மூன்றாவது கூட்டின் 18 வந்துவிடும்.

இனி பொட்டாசியம். கொலுவை மேல்படியிலிருந்து அடுக்குவோம். எலக்ட்ரான்கள் கீழிருந்து நிரம்பும், அதாவது ஆற்றல் குறைந்த இடம் முதலில். 3எஸ், 3பி நிரம்பியதும் ஆர்கான் முடிந்துவிட்டது. அடுத்து 3டி வர வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் 4எஸ்-ல் இருக்கும் எலக்ட்ரான் வெளியே தூரத்தில் திரிந்தாலும், நடுநடுவே அணுக்கருவுக்கு மிக அருகிலும் வந்து போகும். அதனால் பொட்டாசியத்தில் 4எஸ்-ன் ஆற்றல் 3டி-யைவிடக் குறைந்துவிடுகிறது. பத்தொன்பதாவது எலக்ட்ரான் அங்கே போகிறது. இப்படி எழுதுங்கள்:

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்¹

முன்னால் உள்ள எண் கூடு, எழுத்து பிரிவு, தலைமேல் உள்ள எண் ஆட்களின் எண்ணிக்கை. கால்சியத்தில் 4எஸ் நிரம்பிவிடும். 21-ஆவது தனிமமான ஸ்காண்டியத்தில்தான் 3டி-யின் கதவு திறக்கும்.

இன்னொரு சின்ன விதி. தி.நகரில் காலி பஸ் வந்தால் என்ன செய்வீர்கள்? ஆளுக்கொரு ஜன்னலோரம் பிடிப்பீர்கள். ஜன்னலெல்லாம் தீர்ந்த பிறகுதான் ஒருவர் பக்கத்தில் ஒருவர். எலக்ட்ரானும் அப்படியே. நைட்ரஜனில் 2பி-யின் மூன்று இடத்திலும் ஒவ்வொருவர். ஆக்சிஜனில் வரும் அடுத்த ஆள்தான் ஜோடி சேர வேண்டும். இது ஹூண்ட் விதி.

‘இரண்டு பேருக்கு மேல் இடமில்லை’ என்ற பௌலி விதிக்கும் நம் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1928-ல் ஜெர்மனியிலிருந்து ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் என்ற பேராசிரியர் இங்கே வந்து, கடற்கரை எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் பேசினார். பௌலிக்கே ஆசிரியர் அவர்! பேச்சைக் கேட்ட மாணவர் ஒருவர், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே தேடிப் போனார். மயிலாப்பூரில் ‘சந்திர விலாஸ்’ என்ற வீட்டுப் பிள்ளை, பெயர் சந்திரசேகர். சோமர்ஃபெல்டின் அணு பற்றிய புத்தகத்தை முழுக்கப் படித்திருப்பதாகச் சொன்னார். அந்தப் புத்தகத்தில் இருப்பது பழசாகிவிட்டது என்று சொல்லிவிட்டார் புத்தகம் எழுதியவரே! பாவம், அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் பேராசிரியர் அதோடு விடவில்லை. புதிய குவாண்டம் கொள்கையை விளக்கி, உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்று தாம் எழுதி, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார். அதைப் படித்துத் தேறி, அந்தப் புதிய முறையிலேயே சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

1930-ல் மேல்படிப்புக்காக, பத்தொன்பது வயதில் பம்பாயில் கப்பலேறினார். கப்பலில் அவர் போட்ட கணக்கு நட்சத்திரங்களைப் பற்றியது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே சுருங்கும். அப்போது எலக்ட்ரான்கள் நெருக்கப்படும். அணுவை விட்டுப் பிரிந்த பிறகும் அவை பௌலி விதியை விடுவதில்லை. ‘இங்கே ஆள் இருக்கிறது, நகர மாட்டேன்’ என்று எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் ‘வெள்ளைக் குள்ளன்’ நட்சத்திரங்கள் நசுங்காமல் நிற்கின்றன. சிரியஸ் நட்சத்திரத்தின் துணை அப்படி ஒன்று: எடை ஏறக்குறைய சூரியன் அளவு, உருவமோ பூமி அளவு!

இந்தத் தாங்கு சக்திக்கும் ஓர் எல்லை உண்டு, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடையிருந்தால் தாங்காது என்பது சந்திரசேகரின் முடிவு. 1935-ல் பெரிய வானியல் அறிஞர் எடிங்டன் அதைச் சபையிலேயே பரிகாசம் செய்தார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நோட்டுக்குத் திரும்புவோம். இரும்பின் அணு எண் 26. அதை எழுதுங்கள். டி-யின் ஐந்து இடங்களையும் கட்டம் போட்டு, அம்புக்குறியால் நிரப்புங்கள். ஜோடியில்லாமல் எத்தனை பேர் நிற்கிறார்கள்? இரும்பு காந்தமாவதற்கும் அவர்களுக்கும் சம்பந்தம் உண்டு.

(விடை: 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்² 3டி⁶. தனியாக நிற்பவர்கள் நான்கு பேர்.)